யூஸ் அண்ட் த்ரோ 'வேப்'... தடை கேட்டது யார்?

பார்க்க ஹைலைட்டர் பேனா மாதிரியே இருக்கும். ரோஸ், பச்சை, நீலம் என்று கலர் கலராக, விரல் நீளத்துக்கு. முனையில் வாயை வைத்து இழுத்தால் தர்பூசணி வாசனையோடு புகை வரும். பொத்தான் கிடையாது. தீப்பெட்டி வேண்டாம், சாம்பல் தட்ட வேண்டாம், சட்டையில் நாற்றம் ஒட்டாது. சுமார் 600 இழுப்பு வரும். தீர்ந்தால் குப்பைத்தொட்டி.

இதுதான் 'டிஸ்போசபிள் வேப்'. நம்ம ஊர் பாஷையில், யூஸ் அண்ட் த்ரோ இ-சிகரெட்.

2025 ஜூன் 1 முதல் பிரிட்டன் முழுக்க இதை விற்கக் கூடாது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நான்குமே ஒரே நாளில் கதவை மூடின. ஸ்காட்லாந்து மட்டும் ஏப்ரல் 1-லேயே தொடங்குவதாக இருந்தது. பிறகு மற்றவர்களோடு சேர்ந்தே செய்யலாம் என்று இரண்டு மாதம் தள்ளிவைத்தது.

தடை வந்தது பழைய செய்தி. இந்த வாரம் நாம் பார்க்கப்போவது, அந்தத் தடையை யார் கேட்டார்கள், எதற்காகக் கேட்டார்கள் என்பதை. ஏனென்றால் 'மக்கள் கேட்டார்கள், அரசு செய்தது' என்ற ஒரு வரிக்குள், ஒருவருக்கொருவர் ஒத்தே போகாத நாலைந்து கோபங்கள் ஒளிந்திருக்கின்றன.

முதலில் குச்சிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். புகை என்று சொல்வது பழக்கதோஷம்தான். உள்ளே எதுவும் எரிவதில்லை. ஒரு சின்ன லித்தியம் பேட்டரி, அதோடு ஒரு கம்பிச்சுருள், சுருளைச் சுற்றி நிகோட்டின் திரவத்தில் ஊறிய பஞ்சு. நீங்கள் இழுக்கும் காற்றை ஒரு சென்சார் உணரும், சுருள் சூடாகும், திரவம் ஆவியாகும். அவ்வளவுதான் தொழில்நுட்பம். பிரிட்டன் சட்டப்படி ஒரு வேப்பில் 2 மில்லிலிட்டர் திரவம், மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் நிகோட்டின்தான் உச்சவரம்பு. கணக்குப் போட்டால் ஒரு குச்சியில் 40 மில்லிகிராம். தடைக்கு முன் விலை 5, 6 பவுண்டாக இருந்தது. நம் காசுக்கு 600 ரூபாய் பக்கம். பாக்கெட் மணிக்குள் அடங்குகிற விலை என்பதுதான் பிரச்னையின் தொடக்கம்.

பிரிட்டனில் 'ஆஷ்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. புகையிலைக்கு எதிராகப் பல பத்தாண்டுகளாக இயங்குவது. ஒவ்வோர் ஆண்டும் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் சர்வே எடுக்கும். 2021-ல் வேப் பிடிக்கும் பிள்ளைகளில் யூஸ் அண்ட் த்ரோ ரகத்தைப் பிடித்தவர்கள் 7.7 சதவீதம். 2023-ல் 69 சதவீதம். இரண்டே வருஷம்! அந்த ஆண்டில், ஐந்தில் ஒரு பிள்ளை ஒருமுறையாவது வேப்பை இழுத்துப் பார்த்திருந்தது.

இத்தனைக்கும் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வேப் விற்பது இங்கிலாந்தில் 2015-லிருந்தே குற்றம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், தடையை எதிர்த்தவர்கள் பிடித்துத் தொங்கியது இந்த இடத்தைத்தான்.

குப்பையில் தொடங்கிய கோபம்

தடை வேண்டும் என்ற குரல் ஆஸ்பத்திரியில் தொடங்கியிருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். தேடிப் படித்தால், அது உரக்கக் கேட்கத் தொடங்கியது தெருவில்!

ஸ்காட்லாந்தில் டண்டீ என்று ஒரு நகரம். அங்கே லாரா யங் என்ற இளம் சுற்றுச்சூழல் ஆய்வாளர், நடைபாதையில் கிடக்கும் கலர் குச்சிகளைப் பொறுக்க ஆரம்பித்தார். பொறுக்கியதைப் படம் எடுத்துப் பகிர்ந்தார், கணக்கு வைத்தார், அரசியல்வாதிகளிடம் கொண்டுபோனார். தொடக்கத்தில் 'குப்பை பொறுக்குற பொண்ணு' ரேஞ்சில் பார்க்கப்பட்டிருக்கலாம். ஆனால் ஸ்காட்லாந்து அரசு தடையைப் பற்றிப் பேசத் தொடங்கியதில் அவருடைய பிரசாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்று அங்கே எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

மின்னணுக் கழிவுகளைக் கவனிக்கும் 'மெட்டீரியல் ஃபோகஸ்' என்ற அமைப்பு இன்னொரு எண்ணைக் கொண்டுவந்தது. 2022-ல் பிரிட்டனில் வாரத்துக்கு 13 லட்சம் வேப்கள் தூக்கி எறியப்பட்டன. அடுத்த ஆண்டே அது வாரத்துக்குக் கிட்டத்தட்ட 50 லட்சம். 2022-ல் எறியப்பட்டவற்றில் இருந்த லித்தியம் மட்டும் 40 டன், சுமார் 5,000 மின்சார கார்களின் பேட்டரிக்குப் போதுமானது. ஒருபக்கம் லித்தியத்துக்காக உலகம் சுரங்கம் தோண்டுகிறது, இன்னொரு பக்கம் அது பூங்கா புல்லில் கிடக்கிறது.

எனக்கு இதில் ரொம்ப உறுத்திய விஷயம் வேறு. அந்தக் குச்சிக்குள் இருப்பது திரும்பத் திரும்ப சார்ஜ் போடக்கூடிய பேட்டரிதான். லண்டனின் யுசிஎல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைப் பிரித்துச் சோதித்து, நூற்றுக்கணக்கான தடவை சார்ஜ் தாங்கும் என்று 2023-ல் காட்டினார்கள். சார்ஜ் போட ஓட்டை மட்டும் வைக்கவில்லை. நூற்றுக்கணக்கான தடவை ஓடக்கூடிய பொருளை ஒரே தடவையோடு சாகடித்து விற்பது! வேப் கெட்டதா நல்லதா என்ற வாதத்துக்கே போகாமல், இந்த ஒரு காரணத்துக்காகவே தடை போடலாம் என்பது என் கட்சி.

குப்பை லாரிக்காரர்களின் பாடு இன்னும் மோசம். லாரிக்குள் குப்பையை அமுக்கும்போது பேட்டரி நசுங்கும், தீப்பிடிக்கும். எல்லா வகை பேட்டரிகளையும் சேர்த்து, குப்பை லாரிகளிலும் கிடங்குகளிலும் ஒரே ஆண்டில் 1,200-க்கும் மேற்பட்ட தீ விபத்துகள் என்று 2024-ல் கணக்கு வந்தது. இந்த எரிச்சலில்தான் உள்ளாட்சி அமைப்புகளின் சங்கம் 2023 ஜூலையிலேயே, 'அடுத்த ஆண்டுக்குள் தடை போடுங்கள்' என்று அரசிடம் கேட்டது. அதற்கு ஒரு மாதம் முன்னால் குழந்தை மருத்துவர்களின் ராயல் கல்லூரி அதே கோரிக்கையை வைத்திருந்தது. முனிசிபாலிட்டியும் குழந்தை டாக்டர்களும் ஒரே மேடையில் நிற்பது எந்த ஊரிலும் அபூர்வம்.

69 சதவீதம் என்றால் என்ன?

2023 அக்டோபரில் பிரிட்டன் அரசு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. டிசம்பர் முதல் வாரம் வரை நேரம். சுமார் 28,000 பதில்கள் வந்தன. டிஸ்போசபிள் வேப்களுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று சொன்னவர்கள் 69 சதவீதம். 2024 ஜனவரியில் அன்றைய பிரதமர் ரிஷி சுனக் டார்லிங்டன் நகரில் ஒரு பள்ளிக்குப் போய், 'தடை வரும்' என்று அறிவித்தார். செய்திகளில் எல்லாம் 'பத்தில் ஏழு பேர் ஆதரவு' என்று ஓடியது.

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். அது கருத்துக்கணிப்பு அல்ல, கருத்துக்கேட்பு. கணிப்பு என்றால், ஆணும் பெண்ணும் ஏழையும் பணக்காரரும் நாட்டில் இருக்கும் விகிதத்திலேயே ஆட்களைப் பிடித்துக் கேட்பார்கள். கேட்பு என்றால், கதவைத் திறந்து வைத்துவிட்டு வருகிறவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்வார்கள். அந்தக் கதவுக்குள் யார் வருவார்கள்? கவலையில் இருக்கும் அம்மா வருவார். பள்ளிக் கழிவறையில் தினமும் வேப்பைப் பிடுங்கி அலுத்துப்போன டீச்சர் வருவார். டாக்டர் வருவார். வியாபாரம் போய்விடுமே என்று பயப்படும் கடைக்காரரும் கம்பெனிக்காரரும் வருவார்கள். முப்பது வருஷம் சிகரெட் பிடித்துவிட்டு, இப்போது இந்தக் குச்சியைப் பிடித்துக் கரையேறப் பார்க்கிற கட்டடத் தொழிலாளி, வேலை முடிந்து வீட்டுக்கு வந்து அரசின் இணையதளத்தில் படிவம் நிரப்புவாரா?

அவருக்காகப் பேச வேறு ஆட்கள் இருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அது அந்த ஆஷ் அமைப்பேதான். முழுத் தடை வேண்டாம், வரியைப் போட்டு விலையை ஏற்றுங்கள், பாக்கெட் மணிக்கு எட்டாமல் செய்யுங்கள் என்றார்கள் அப்போது. தடை போட்டால் கள்ளச்சந்தைதான் கொழிக்கும் என்பது அவர்கள் பயம். சிகரெட்டை எதிர்க்கும் அமைப்பே வேப் தடைக்குத் தயங்கியதா என்று புருவம் உயர்த்தாதீர்கள். பிரிட்டனில் வேப் என்பது பாதி மருந்து. 2023-ல் அங்கே அரசு, 10 லட்சம் புகைப்பிடிப்பவர்களுக்கு இலவச வேப் கிட் கொடுக்கும் திட்டத்தையே அறிவித்தது. பெயர் 'ஸ்வாப் டு ஸ்டாப்'. ஒரு கையால் வேப்பை இலவசமாகக் கொடுத்துக்கொண்டே மறு கையால் ஒரு வகை வேப்பைத் தடை செய்த அரசு அது.

அதில் ஒரு நியாயம் இருக்கிறது. சிகரெட் அந்த நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 80,000 உயிர்களை வாங்குகிறது. இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டி திரும்பத் திரும்பச் சொன்னதன் சாரம் இதுதான்: புகைப்பிடிப்பவருக்கு வேப் பல மடங்கு பாதுகாப்பானது, பிடிக்காதவர் அதைத் தொடவே கூடாது, குழந்தைகளைக் குறிவைத்து விற்பது அயோக்கியத்தனம். மூன்றுமே ஒரே நேரத்தில் உண்மை. ஆனால் ஒரு போஸ்டரில் மூன்றையும் எழுத முடியாது என்பதுதான் சிக்கல்.

யுசிஎல் ஆய்வாளர்கள் இன்னொரு கணக்கும் போட்டார்கள். தடை வந்தால் பாதிக்கப்படும் பெரியவர்கள் சுமார் 26 லட்சம் பேர். அவர்களில் கிட்டத்தட்ட 12 லட்சம் பேர் இன்னும் சிகரெட்டை விடாதவர்கள், 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விட்டுவிட்டவர்கள். இந்தப் பட்டியலிலேயே இன்னொரு கூட்டமும் உண்டு. சிகரெட்டையே பழகாமல் நேராக இந்தக் குச்சிக்கு வந்த 18 முதல் 24 வயதுக்காரர்கள், 3 லட்சத்துக்கும் மேல். தடை வேண்டும் என்பவர்கள் இவர்களைக் காட்டினார்கள். வேண்டாம் என்பவர்கள் மேலே சொன்ன 19 லட்சத்தைக் காட்டினார்கள். ஒரே ஆய்வு, இரண்டு பக்கத்துக்கும் ஆயுதம்.

பொதுக் கருத்து தடைப் பக்கம் சாயச் சாய, இன்னொன்றும் நடந்தது. 2024-ல் ஆஷ் எடுத்த சர்வேயில், புகைப்பிடிப்பவர்களில் பாதிப் பேர், வேப்பும் சிகரெட் அளவுக்கோ அதற்கு மேலோ கெடுதல் என்று நம்புவதாகச் சொன்னார்கள். அப்படி நம்புகிறவர் எதற்காக மாறப்போகிறார்? 'எல்லாமே விஷம்தான், நான் என் சிகரெட்டையே பிடிச்சுக்கிறேன்' என்று பழைய பாக்கெட்டுக்கே போய்விடுவார். பிள்ளைகளைக் காப்பாற்ற எழுப்பிய சத்தம் அப்பாக்களின் காதில் வேறு மாதிரி விழுந்திருக்கிறது. இந்தத் தடை விவாதத்தில் யாரும் அதிகம் பேசாத இழப்பு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடைக்காரர் சொன்னது

பிரிட்டனின் தெருமுனைக் கடைகளையும் பெட்ரோல் பங்க்குகளையும் நடத்துபவர்களில் நம் ஈழத்தமிழர்கள் கணிசம். தடை அவர்களின் கல்லாவைத் தொடாமல் போகுமா? தோழி ஒருத்தியின் மாமா வடக்கு லண்டனில் கடை வைத்திருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர். வாட்ஸ்அப் காலில் பிடித்தேன். பெயர் வேண்டாம் என்றார்.

"பிள்ளை, தடை வேணும் எண்டு சனம் சொல்லுது. அதே சனம்தான் பின்னேரம் வந்து, அந்த நீலக் கலர் இருக்கோ எண்டு கேக்குது" என்று சிரித்தார்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததே இல்லையா மாமா என்று கேட்டேன். சட்டென்று குரல் மாறியது. "நான் வயசு பாத்துத்தான் குடுக்கிறனான். ஐடி இல்லாட்டி இல்லை. ஆனா வெளியில நிண்டு ஒரு அண்ணன்காரன் வாங்கிக் குடுத்தா நான் என்ன செய்யிறது? ரோட்டுக்கு அங்கால ஒருத்தன் கவுண்டருக்குக் கீழ வச்சு விக்கிறான். அவனிட்டப் போகாமல் என்னட்டத்தான் செக்கிங்குக்கு வருவினம்."

ஒழுங்காக வியாபாரம் பண்ணுகிறவன்தான் தடையின் பாரத்தைச் சுமக்கிறான் என்ற அவருடைய ஆதங்கம் புதிதல்ல. குட்கா தடையைப் பார்த்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

தடைக்குப் பிறகு வியாபாரம் படுத்துவிட்டதா என்று கேட்டேன். "ஒண்டும் படுக்கேல்லை. அதே கம்பெனி, அதே கலர். கீழ ஒரு சார்ஜ் ஓட்டை போட்டிருக்கிறாங்கள். அவ்வளவுதான்."

அந்த ஓட்டைதான் சட்டத்திலிருக்கும் ஓட்டையும். இந்தத் தடை சுகாதாரச் சட்டத்தின் கீழ் வரவில்லை, 1990-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தது. அதாவது சட்டத்தின் கண்ணில் குற்றவாளி நிகோட்டின் அல்ல, குப்பை. சார்ஜ் போட முடியும், திரவத்தை மாற்றவோ நிரப்பவோ முடியும் என்றால் அது 'டிஸ்போசபிள்' இல்லை, தாராளமாக விற்கலாம். பெரிய பிராண்டுகள் தடை தேதிக்கு முன்பே அதேபோன்ற தோற்றத்தில், அதேபோன்ற சுவைகளில், மாற்றிக்கொள்ளும் குப்பியோடு புது மாடல்களை இறக்கிவிட்டன. விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. வாங்குகிறவர் அதையும் தீர்ந்ததும் தூக்கி எறிந்தால் யாரும் தடுக்க முடியாது.

மீறி விற்றால் இங்கிலாந்தில் முதலில் 200 பவுண்ட் அபராதம். திரும்பத் திரும்பச் செய்தால் இரண்டு வருஷம் வரை சிறை. 200 பவுண்ட் என்பது முப்பது, நாற்பது வேப் விற்ற காசு. கவுண்டருக்குக் கீழே வைத்து விற்பவர் இதற்குப் பயப்படுவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

அங்கேயும் இது தெரியாமல் இல்லை. சுவைகள், பேக்கிங், கடையில் எங்கே அடுக்கி வைப்பது என்பதையெல்லாம் கட்டுப்படுத்தும் அதிகாரத்துக்காகத் தனி மசோதா 2024 நவம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. 2009 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு வாழ்நாள் முழுக்க சிகரெட்டே விற்கக் கூடாது என்கிற அதிரடி மசோதாவும் அதுதான். கூடவே, எல்லா வேப் திரவத்துக்கும் 10 மில்லிலிட்டருக்கு 2.20 பவுண்ட் வரி, 2026 அக்டோபர் 1 முதல் என்று பட்ஜெட்டில் அறிவித்தார்கள். ஆஷ் முதலிலேயே கேட்டது விலை ஏற்றத்தைத்தானே!

பிரிட்டன் தனியாகவும் இல்லை. பெல்ஜியம் 2025 ஜனவரி 1-லும், பிரான்ஸ் அடுத்த மாதமும் யூஸ் அண்ட் த்ரோ வேப்பை மூடின. நியூசிலாந்து ஜூன் 17-ல் சேர்ந்துகொண்டது.

நம்மிடம் கேட்டார்களா?

இந்தியாவில் கதையே வேறு. இங்கே டிஸ்போசபிள் மட்டுமல்ல, இ-சிகரெட் மொத்தமும் தடை. தமிழ்நாடு 2018-லேயே தடை போட்டுவிட்டது. 2019 செப்டம்பர் 18 அன்று மத்திய அரசு அவசரச் சட்டமாகக் கொண்டுவந்தது, அறிவித்தவர் நிர்மலா சீதாராமன். அந்த ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் முழுச் சட்டமாக்கியது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் முறை ஒரு வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. மறுபடி என்றால் மூன்று வருஷம், ஐந்து லட்சம்.

அங்கே எட்டு வாரம் மக்களிடம் கேட்டார்கள், இங்கே ஒரு மதியப் பிரஸ் மீட்டில் முடிந்தது. பழக்கம் பரவுவதற்கு முன்பே கதவைச் சாத்திவிட்டோம், அதனால் பிரிட்டன் பள்ளிகள் பட்ட பாட்டை நம் பள்ளிகள் அந்த அளவுக்குப் படவில்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் அதே நாட்டில் பீடியும் சிகரெட்டும் டீக்கடை வாசலில் தொங்குகின்றன. 2016-17 சர்வேபடி இந்தியப் பெரியவர்களில் 28.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலையைத் தொடுகிறார்கள். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003-லிருந்து சட்டம் இருக்கிறது. உங்கள் தெருப் பள்ளிக்கூடத்தின் வாசலில் நின்று ஒருமுறை அளந்து பாருங்களேன்.

தடை இருக்கிறதே என்று நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்றும் இருக்க முடியாது. போலீஸ் பறிமுதல் செய்திகள் அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கின்றன. பையில் கலர் பேனா, பென் டிரைவ் மாதிரி ஏதாவது கிடைத்து, முனையில் சின்னத் துளையும் பழ வாசனையும் இருந்தால், முதலில் அது என்ன என்று பிள்ளையிடமே கேளுங்கள். கேட்கும்போது குரல் உயர்ந்தால், அடுத்த முறை அது பையில் இருக்காது, நண்பன் வீட்டில் இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கு ஒரு தகவல். லண்டனில் கடையில் பில் போட்டு வாங்கிய வேப்பாக இருந்தாலும், இந்தியாவுக்குள் கொண்டுவந்தால் இறக்குமதித் தடையில் சிக்கலாம். சிங்கப்பூரில் கையில் வைத்திருந்தாலே குற்றம். 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே முதல் முறை பிடிபடும் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 700 வெள்ளி அபராதம், சிறுவர்களுக்கு 500 வெள்ளி. எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து கலந்த வேப்கள் அங்கே பரவியதால், அந்த மருந்தையே அதே நாளிலிருந்து போதைப்பொருள் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். சாங்கி வழியாக வருகிறவர்கள் பெட்டி கட்டும்போதே பார்த்துவிடுவது நல்லது.